திருவிருந்துப் பாத்திரம்

அன்று திருவிருந்துக்கு ஒரே வரிசையில் முழங்காலிட்டவர்கள்: பள்ளிக்கூடத்துச் சமையல்கார அம்மா, அடுத்து என் மனைவி, அப்புறம் நான், எனக்கு வலப்பக்கம் ரிட்டயரான பஸ் கண்டக்டர்.

எனக்குப் பார்க்கின்சன் நோய். போன மாதம் பாத்திரத்தைத் தொட்டதும் கை உதறி, சபைப் போதகரான ஐயரின் வெள்ளை அங்கியில் திராட்சரசம் கொட்டிவிட்டது. இன்றும் கொட்டினால் இனிமேல் கோயிலுக்கே வருவதில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டேன். "வாங்க, பாத்துக்கிரலாம்" என்றாள்.

பிரசங்கம் நீண்டுபோனது. காலையில் போட்ட மாத்திரையின் வேகம் இறங்கிவிட்டது. ஐயர் ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தார். என் கை ஆடத் தொடங்கியது. ஆண்டவரே, செத்த நேரம் நிறுத்தும் என்று கேட்டேன். நிற்கவில்லை.

கண்டக்டர் என் காதோரம் குனிந்தார். "என்ன அப்பு, வண்டி உறுமிக்கிட்டே நிக்குது. விசில் குடுக்கவா?"

"சும்மா இரும்ணே. உம்ம மேல கொட்டிருவேன்."

"கொட்டுனா கொட்டட்டும். சட்டை பழசுதேன்."

ஐயர் என் முன்னால் வந்து, இரண்டு கையாலும் பாத்திரத்தை நீட்டினார். நானும் இரண்டு கையாலும் பிடித்தேன். அது குலுங்கியது. மனைவி ஒரு கையை அடியில் கொடுத்தாள். கண்டக்டரும் ஒரு கை கொடுத்தார்.

குடித்தேன். கொஞ்சம் கண்டக்டரின் சட்டையில் தெறித்தது. அவர் துடைக்கவில்லை. நோயோடுதான் ஆண்டவர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார் என்று அப்போது நம்பினேன். அடுத்த மாதமும் வரலாம் என்று மனைவியிடம் சொன்னேன்.

பாத்திரத்தைப் பிடித்திருந்த கைகள் ஆறு.