மைண்டு என்றால் மனசு

2024 அக்டோபர் 16, புதன்கிழமை, காலை பதினொன்று பத்து. விடியலில் பிடித்த தூறல் விடவும் இல்லை, மழையாகவும் ஆகவில்லை. பாலக்கோட்டில் எங்கள் வீட்டு நடு அறையில், அரிசி டின்மேல் செல்போனைச் சாய்த்துவைத்து, அதன் முன்னால் மருமகள் உட்கார்ந்திருந்தாள். ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி போனில் வீடியோவிலேயே அவளை நேர்காணல் செய்யப்போகிறது. ஆங்கிலத்தில்.

பின்னால் தெரியும் சுவரில் இருந்த மூன்று காலண்டர்களையும் கழற்றியாகிவிட்டது. பேத்தியைப் பக்கத்து வீட்டில் விட்டாகிவிட்டது. காத்தாடியை நிறுத்தியாயிற்று.

"மாமா, அரை மணி நேரத்துக்கு யாரும் இருமக் கூடாதுங்க" என்றாள்.

"இருமல் வந்தா என்னடி பண்றது, முழுங்கறதா?" என்று சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள். "கொழம்புக்குத் தாளிக்கலாமா, கூடாதா?"

"தாளிச்சா சத்தம் கேக்கும் அத்தை."

"அப்ப இன்னிக்கி எல்லாரும் இங்கிலீஷையே சாப்பிடுங்க."

இது அவளுக்கு நான்காவது நேர்காணல். கணக்கில் பட்டம் வாங்கியவள். கேள்வி கணக்கைப் பற்றியதாக இருந்தால் கேட்டு முடிக்குமுன் விடை வரும். தன்னைப் பற்றிக் கேட்டால் வாய் ஒட்டிக்கொள்ளும். முந்தைய மூன்றும் அப்படித்தான் போயின. அவளுக்குக் கன்னடம் தாய்வீட்டு மொழி. எல்லைப் பக்கத்து ஊர். தமிழ் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்த மொழி. தெலுங்கு அக்கம்பக்கத்தில் தொற்றிக்கொண்ட மொழி. மூன்றும் தண்ணீர்போல் வரும். ஆங்கிலம் அரை. இந்த மூன்றரையில் சம்பளம் என்னவோ அந்த அரைக்குத்தான்.

வேலை கிடைத்தால் கம்பெனி பேருந்து பாலக்கோடு பேருந்து நிலையத்துக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். மாலையோ காலையோ கொண்டுவந்து இறக்கிவிடும். கிடைக்காவிட்டால் என் மகன் அவளையும் குழந்தையையும் பெங்களூருக்கு அழைத்துப்போய்விடுவான். அவன் அங்கே வாடகை வண்டி ஓட்டுகிறான். ஒற்றை அறை. "பத்துக்குப் பத்து ரூமுல கதவச் சாத்திக்கிட்டு உக்காரத்தான் கணக்குப் படிச்சனாங்க மாமா?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். அவர்கள் இங்கேயே இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் ஆசை இருந்தது. ஆகவே அந்த அரை மணி நேரம் எனக்கும் தேர்வுதான்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் சர்க்கரை ஆலை எடைமேடையில் முப்பத்தொரு வருடம் எழுத்தர். எண்ணுவது என் தொழில். ஓய்வு பெற்றும் விட்டுப்போகவில்லை. ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவேன், ஆங்கிலப் பத்திரிகையை நாள் தவறாமல் படிப்பேன். ஆனால் வாயைத் திறந்து ஒருவரிடம் ஒரு முழு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசியதாக நினைவில்லை. சந்தர்ப்பம் வரவில்லை. எங்கள் அதிகாரிகள் தமிழில் திட்டிவிட்டு ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள்.

நான் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். உட்கார முடியவில்லை. போனில் இரண்டு குரல்கள்: ஒரு பெண், ஓர் ஆண். முதல் கேள்வி தன்னைப் பற்றிச் சொல்லச் சொல்லி. மனப்பாடம் செய்திருந்தாள், பதினோரு வாக்கியம், ஒன்பது வந்தது. அடுத்து, ஆயிரம் உருப்படியில் இத்தனை பழுது என்றால் நூற்றுக்கு எவ்வளவு என்று அந்தப் பெண் கேட்டாள். இவள் உடனே சொன்னாள். அடுத்ததும் சரி. எனக்கு மூச்சு சீராக வர ஆரம்பித்தது.

அப்போது அந்த ஆண் கேட்டார்: "டூ யூ மைண்ட் ஒர்க்கிங் இன் நைட் ஷிப்ட்?"

"எஸ் சார்!" என்றாள் மருமகள். அவ்வளவு தெம்பாக வேறெந்தப் பதிலையும் அவள் சொல்லவில்லை.

அவர் கொஞ்சம் நிறுத்தி, "யூ மைண்ட்?" என்றார்.

"எஸ் சார், எஸ் சார்."

மூன்று எஸ். இரவு வேலையில் உனக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்கிறார். இவள் உண்டு, உண்டு, உண்டு என்கிறாள். நாலு நொடி பார்த்தேன். போன் படத்தில் அவர் ஏதோ எழுதிக்கொள்கிற மாதிரி தலை குனிந்தது திரைத் துணியின் சந்தில் தெரிந்தது. அவ்வளவுதான். திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

"சார், ஹெர் எஸ் ஈஸ் நோ, சார்! நோ! நோ!"

என் வாழ்நாளில் நான் பேசிய முதல் ஆங்கிலம் அது.

"ஹூ ஈஸ் தட்?" என்றார் அவர்.

"மை பாதர்-இன்-லா சார்" என்றாள் மருமகள்.

"ஹி ஈஸ் சேயிங் நோ?"

"எஸ் சார்" என்றாள். அது உண்மைதானே.

தேங்க் யூ என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

மருமகள் என் பக்கம் திரும்பினாள். "நான் சரின்னுதானே மாமா சொன்னேன்?"

"நீ சரின்னு நெனச்சு மாட்டேன்னு சொல்லிட்டம்மா. டூ யூ மைண்டுன்னா நோன்னு சொன்னாத்தான் சம்மதம்."

அதற்குள் மனைவி கரண்டியோடு வந்துவிட்டாள். "இருங்க, இருங்க. மைண்டுன்னா என்னா?"

"மனசு."

"ராத்திரி வேலைக்கு மனசு இருக்கான்னு கேட்டான். இருக்குதுன்னு சொன்னா. இதுல என்னா தப்பு?"

"அது அப்படி இல்ல."

"எப்படி இல்ல? மனசு இருக்கான்னு கேட்டா இல்லைன்னு சொல்றவளுக்கா வேலை குடுப்பான்? நீங்கதான் நடுவுல பூந்து நோ நோன்னு கத்துனீங்க. எனக்கே புரிஞ்சுது அது."

நான் விளக்கினேன். இரண்டு தரம் விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே அது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. ஆங்கிலத்தில் மனசு என்பது இருந்தாலே தடங்கல், இல்லாவிட்டால் சம்மதம். இதை எங்கே போய்ச் சொல்வது?

மாலை நாலரைக்குப் போனில் கடிதம் வந்தது. இந்த முறை உங்களைத் தேர்ந்தெடுக்க இயலவில்லை, வருந்துகிறோம். காரணம் இல்லை. மருமகள் கழற்றிய காலண்டர்களைத் திரும்ப மாட்டினாள். ஆணி அடிக்கிற சத்தம் தேவைக்கு மேல் பலமாக இருந்தது. மகன் பெங்களூரிலிருந்து பேசினான். "அப்பா, இனிமே அவளுக்கு இன்டர்வியூன்னா நீங்க மாரண்டஹள்ளிக்குப் போயிடுங்க. இல்ல, இனிமே இன்டர்வியூவே வேணாம். மாசக் கடைசில இங்கயே கூட்டிக்கறேன்." மாசக் கடைசிக்குப் பதினைந்து நாள் இருந்தது.

மறுநாள் முதல் பேருந்தில் ஓசூர் போனேன். மருமகளிடம் சொல்லவில்லை, சொன்னால் விடமாட்டாள். வழி நெடுக வாக்கியங்களைத் தயார் செய்தேன். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் எது கேட்டாலும் முதலில் ஆமாங்க என்பதுதான் மரியாதை, அந்த ஆமாங்கவைத்தான் அவள் எஸ் என்று சொன்னாள் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ராயக்கோட்டை வருவதற்குள் ஏழு விதமாக எழுதிப் பார்த்தேன், மனசுக்குள். ஒன்றும் தேறவில்லை.

வாசலில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள், முப்பது வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை. நான் எழுந்து நின்று, "குட் மார்னிங் மேடம். எஸ்டர்டே..." என்று தொடங்கினேன்.

"உக்காருங்க ஐயா, உக்காருங்க. நேத்து உள்ள வந்தவரு நீங்கதானுங்களே?"

நேற்றுக் கேட்ட அதே குரல். நாமக்கல் பக்கமாம்.

"தமிழா நீங்க? அப்புறம் எதுக்கும்மா அவகிட்ட இங்கிலீஷ்ல கேட்டீங்க?"

"பூனாவுல இருந்து எங்க பெரிய சார் கூட இருந்தாருங்க. அவருக்குத் தமிழ் வராது. அவருக்காகத்தான்."

"உள்ள வேலையும் இங்கிலீஷ்லதானா?"

"உள்ள யாரு இங்கிலீஷ் பேசறாங்க? பாதிப் பேரு தமிழு, பாதிப் பேரு கன்னடம். சாயந்தரம் ரிப்போர்ட்டு மட்டும் இங்கிலீஷ்ல போடணும்."

"எங்க மருமகளுக்குக் கன்னடமும் தெரியும், தெலுங்கும் தெரியும்."

அவள் போனை எடுத்துத் தேடினாள். "போடலையேங்க. தெரிஞ்ச மொழின்னு இங்கிலீஷ், தமிழ் ரெண்டுதான் போட்டிருக்காங்க."

போட்டிருக்கமாட்டாள்தான். வீட்டில் பேசுவதை யார் படிப்பில் சேர்த்து எழுதுவார்கள்? அவளுக்குக் கன்னடம் எழுதத் தெரியாது. எழுதத் தெரியாத மொழி தெரியாத மொழி என்றுதான் எங்கள் பள்ளிக்கூடங்கள் எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கின்றன. ஆனால் அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. லைனில் நின்று உருப்படி செய்யும் கன்னடக்காரப் பெண்களிடம் பழுது எங்கே என்று கேட்டு எழுத ஆள் இல்லாமல் அவர்கள் திண்டாடிக்கொண்டிருந்தார்களாம்.

நான் வந்த விஷயத்துக்கு வந்தேன். மருமகளுடைய எஸ் உண்மையில் எஸ் இல்லை என்று ஆரம்பித்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அது தெரியுங்க ஐயா. இங்க பத்துல எட்டுப் பேரு அதுக்கு எஸ்னுதான் சொல்றாங்க. நானே முதல் இன்டர்வியூல அப்படித்தான் சொன்னேன். சார்கிட்ட அதைச் சொல்லிப் பேசிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க வந்து நோ நோன்னுட்டீங்க. வூட்ல பெரியவங்க ஒத்துக்கலைன்னு சார் எழுதிட்டாரு."

நேற்றிலிருந்து மருமகளுடைய எஸ்ஸைத் திருத்தத்தான் நான் அலைந்துகொண்டிருந்தேன்.

"இப்ப என்னம்மா பண்றது?"

"மறுபடி ஒருதரம் கூப்பிடச் சொல்லிக் கேக்கறேன். ஆனா வூட்ல சம்மதம்னு நீங்க எழுதிக் குடுக்கணும்."

எதற்கு ஒரு பெண்ணின் வேலைக்கு மாமனார் சம்மதம் என்று எனக்குக் கோபம் வந்தது. வந்து என்ன? நோ என்றது நான். பேனாவை எடுத்தேன். 'வித் ரெபரென்ஸ் டு தி அபவ்' என்று எழுதத் தொடங்கியதும் அவள் எட்டிப்பார்த்து, "தமிழ்லயே எழுதுங்க ஐயா, நான் சொல்லிக்கறேன்" என்றாள். ஒரே வரி எழுதினேன். எங்கள் மருமகள் இரவுப் பணி செய்வதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. எழுதி முடித்து, 'இல்லை' சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று மூன்று தரம் படித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை மறுபடி அழைத்தார்கள். அன்று எனக்கு வீட்டில் இடமில்லை. "மார்க்கெட்டுக்குப் போயி தக்காளி வெல கேட்டுட்டு வாங்க. மெதுவா கேளுங்க" என்று மனைவி அனுப்பிவிட்டாள். மண்டியில் நின்று எத்தனை வண்டி வந்தது, எத்தனை பெட்டி இறங்கியது என்று எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பத்துக்கு மேல் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மருமகள் வாசலிலேயே நின்றாள்.

"அதே கேள்வி கேட்டாங்க மாமா. எஸ்ஸும் வேணாம், நோவும் வேணாம்னு 'நைட் ஷிப்ட் ஓகே சார்'னுட்டேன்."

இது எனக்குத் தோன்றியதா? இத்தனை வருடம் ஆங்கிலம் படித்தும்?

வேலை கிடைத்தது. ஆனால் பாலக்கோட்டுப் பேருந்து வரும் பிரிவில் இருந்த இடங்கள் அந்த நாலைந்து நாளில் நிரம்பிவிட்டன. அவளுக்குக் கிடைத்தது ஓசூருக்கு அந்தப் பக்கம் இன்னொரு பிரிவு. எங்கள் ஊர்ப் பேருந்து அங்கே கிடையாது. பெண்கள் விடுதியில் தங்க வேண்டும், ஞாயிறு மட்டும் வரலாம். மகன் குதித்தான். "நீங்கதானே எல்லாத்துக்கும் காரணம், நீங்களே கட்டுங்க" என்று விடுதி முன்பணத்தைத் தர மறுத்துவிட்டான். குழந்தை எங்களிடம் இருக்கட்டும் என்றோம். மருமகள் இரண்டு நாள் மடித்த துணியையே திரும்ப மடித்தாள். பிறகு, "போறேங்க மாமா" என்றாள். குழந்தையைப் பார்க்காமல் சொன்னாள்.

தீபாவளி முடிந்த திங்கட்கிழமை கொண்டுபோய் விட்டுவந்தேன். விடுதி வாசலில் ஒரு பெண் அவளிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டாள், இவளும் கன்னடத்தில் பதில் சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் இந்நேரம் பேருந்தில் வீடு வந்து பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் கன்னட விஷயம் அவர்களுக்குத் தெரியாமலே போயிருக்கும் என்பதும் உண்மை. இந்த இரண்டையும் எப்படிக் கூட்டிக் கழித்தாலும் எனக்கு விடை நிலைப்பதில்லை. பேத்தி தினமும் சாயங்காலம் கம்பெனி பேருந்து வரும் நேரத்துக்கு என்னைப் பேருந்து நிலையத்துக்கு இழுக்கிறாள். அம்மா அதில் வரமாட்டாள் என்று சொல்லியும் கேட்பதில்லை, போய் நிற்கிறோம்.

செலவை எழுதிப் பார்த்தேன். முதல் தடவை ஓசூர் போய்வர, ஷேர் ஆட்டோ, டீ உட்பட இருநூறு. சேர்க்கப் போனபோது இருவர் போக, ஒருவர் வர இருநூற்று ஐம்பத்தைந்து. விடுதி முன்பணம் ஐயாயிரம். வாளி, தலையணை, போர்வை அறுநூற்று நாற்பது. ஆக மொத்தம் ஆறாயிரத்துத் தொண்ணூற்றைந்து ரூபாய்.