கொதிக்காமல் சாவகச்சேரிக்கு

இன்னொருமுறை கொதித்தால் காரை விற்றுவிடுவது என்று அப்பா அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்த இடம் நாவற்குழிப் பாலம். கலியாண வீடொன்றுக்குப் போகும் வழியில் கார் அங்கே நின்றுவிட்டது. முன்பக்கப் பொனற்றுக்குள்ளிருந்து நீராவி எழும்ப, அம்மா பட்டுச் சேலையோடு வெயிலில் நின்றார். கடந்துபோன பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிய கொண்டக்டர், "ஐயா, சோறு வெந்திட்டுதோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மாவுக்கு வெயிலைவிட அதுதான் சுட்டது. அதன்பிறகு அவர் அந்தக் காரில் ஏறவில்லை.

அது அப்பாவைவிட வயது கூடிய இங்கிலாந்துக் கார். கலியாணப் படங்களுக்குப் பழைய கார் வாடகைக்கு விடும் கொழும்புக்காரர் ஒருவர் அதை விலைக்குத் தரச்சொல்லி இரண்டு தடவை தொலைபேசியில் கேட்டிருந்தார். அப்பா "பாப்பம்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். அவர் அப்படிச் சொன்னால் மனமில்லை என்று பொருள். ஆனால் கொடுத்த வாக்கை மாற்றுகிறவருமல்ல.

இந்த நிலையில்தான் சாவகச்சேரியில் சித்தியின் புதுவீட்டுக் குடிபூரல் வந்தது. அம்மா மூத்த அக்கா. நல்ல நேரத்துக்கு முன் அங்கே நிற்க வேண்டும்.

"நான் ஓட்டோவிலை போறன். நீங்கள் மெதுவா, ஆறுதலா உங்கடை தேரிலை வாங்கோ," என்றார் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். நான் குருநகரில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் செய்யும் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கிறவள். குளிரவைப்பது என் தொழில். "அம்மா, ஒரு கிழமை தாங்கோ," என்றேன்.

அந்த ஏழு நாளுக்குள் செய்ய எனக்கு இரண்டு வேலை தெரிந்தது. ஒன்று கொதிப்பு. மற்றது, காரின் வலப்பக்க முன்மூலை தாழ்ந்துபோய், பள்ளத்தில் விழும்போதெல்லாம் இரும்பில் இரும்பு இடிப்பது. அம்மாவின் முறைப்பாட்டில் இரண்டாமிடம் அதற்குத்தான்.

எஞ்சின் தண்ணீரைக் குளிரவைக்கும் ரேடியேற்றரைக் கழற்றியபோது காரணம் கையில் உதிர்ந்தது. எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருவது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படை எந்த வீட்டில் இல்லை? அதே படை ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள் அடைத்துக் கிடந்தது. ஊறுகாய்க்கு ஊற்றும் வினாகிரியைத் தண்ணீரில் கலந்து ஊற்றி ஊறவைத்தேன். குசினியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஊறுகாயோ போடுறாய்?"

"ஓமம்மா. நல்லா ஊறினால்தான் ருசி."

மறுநாள் கழுவியபோது வெள்ளைச் செதில்களாகக் கொட்டியது. தண்ணீர் தடையில்லாமல் ஓடும்வரை கழுவினேன்.

ரேடியேற்றர் தண்ணீரில் கலக்கும் கூலன்ற் வாங்க யாழ்ப்பாணத்துக்குப் போனேன். கடைக்காரர் செம்மஞ்சள் நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தார்.

"உதுதான் இப்ப எல்லாரும் போடுறது, தங்கச்சி. ஊத்திப்போட்டுக் கனகாலம் பாக்கத் தேவையில்லை."

"என்ரை கார் பழசு அண்ணை. ரேடியேற்றர் பித்தளை, ஒட்டெல்லாம் ஈயம். எனக்குப் பழைய வகைப் பச்சை வேணும்."

"பித்தளையோ? அப்ப கிணத்துத் தண்ணியே போதுமே. இஞ்சை என்ன பனியே கொட்டுது, உறையிறதுக்கு?"

குளிர்நாடுகளில் தண்ணீர் உறையாமலிருக்கவும் கூலன்ற் ஊற்றுவார்கள். உறைவதல்ல என் கவலை. துருவும் சுண்ணாம்பும் கொதிப்பும்தான். அதைச் சொன்னேன். புதிய வகைகளில் சில, பழைய ஈய ஒட்டுக்கு ஒத்துவருவதில்லை என்பதையும் சொன்னேன். அவர் உள்ளே போய்த் தேடி, தூசி துடைத்துப் பச்சைக் கலனைக் கொண்டுவந்தார். கலந்துகொள்ள, பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரும் வாங்கினேன். "தண்ணியையும் காசு குடுத்து வாங்கிறியள்," என்று சிரித்தபடி பையில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை உயரத்தில் கைவைத்தேன். அந்தக் காரின் முன்பக்கத்தில் சுருள்வில் கிடையாது. இரு பக்கத்திலும் நீண்ட உருக்குக் கம்பி ஒவ்வொன்று அடியில் ஓடுகிறது. ஒரு முனை சில்லைத் தாங்கும் கையிலும் மறுமுனை அடிச்சட்டத்திலும் பூட்டியிருக்கும். கம்பி முறுகி நின்றுதான் காரின் எடையைத் தாங்குகிறது. பின்முனையைக் கழற்றிச் சற்றுத் திருப்பிப் பூட்டினால் அந்தப் பக்கம் உயரும். ஆனால் முறுக்கைத் தளர்த்தாமல் கழற்றினால் கை போகும். காரை ஜக்கில் தூக்கி, கீழே தாங்கு வைத்து, கம்பி ஓய்ந்தபிறகே ஸ்பனரைத் தொட்டேன்.

இறக்கி அளந்தேன். இரண்டு பக்கமும் ஒரே உயரம். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மகிழ்ச்சியோடு ஏறி ஸ்ரேறிங்கைப் பிடித்தார். வலப்பக்கம் முனகிக்கொண்டு இறங்கியது.

வெறும் காரை அளந்திருக்கிறேன். அப்பா கனமான மனிதர். அம்மா அவரில் அரைவாசி. பயணம் போகப் போவது வெறும் கார் அல்லவே. அளப்பதற்கு இருவரும் உள்ளே இருக்க வேண்டும்.

அம்மா முற்றத்தில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, கொஞ்ச நேரம் காருக்குள்ளை இருங்கோ."

"நான் ஏற மாட்டன் எண்டனான்."

"எஞ்சினுக்குத் தண்ணியே இன்னும் விடேல்லை. நிண்ட இடத்திலை நிக்கிற கார் எப்பிடிக் கொதிக்கும்?"

அம்மா சுளகோடு எழுந்துவந்து, முன் இருக்கையில் அமர்ந்து, சுளகை மடியில் வைத்து இலையை ஆயத் தொடங்கினார். அப்பா நேரே பார்த்தபடி இருந்தார்.

"எங்கை போவம்?" என்றார்.

"சும்மா இருங்கோ. உங்கடை நிறைக்குத்தான் இவள் கிடந்து மல்லுக்கட்டுறாள்."

"உமக்கென்ன, காத்தடிச்சால் பறக்கிற ஆள்."

அளந்தேன், அவர்களை இறக்கினேன், ஜக்கை ஏற்றிக் கம்பியைத் திருப்பினேன், மறுபடி ஏறச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் காரை முன்னும் பின்னும் தள்ளினால்தான் சில்லுகள் தங்கள் இடத்தில் அமரும். இருவரையும் உள்ளே வைத்துக்கொண்டு தள்ளினேன். மதிலுக்கு மேலால் பார்த்த பக்கத்து வீட்டு மாமி, "என்ன, கோயில் கொடியேறிட்டுதோ?" என்று கேட்டார். அம்மா இலையிலிருந்து கண்ணெடுக்காமல், "ஓம், இண்டைக்குத் தேர்," என்றார். இலை முழுவதும் ஆய்ந்து முடிந்தபோது உயரமும் சரியாகியிருந்தது. மாலையில் பச்சைக் கூலன்றை ஊற்றினேன். அடுத்த நாட்களில் அப்பா காரை ஊருக்குள் ஓட்டிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை குடிபூரல். புதன் மாலை ரேடியேற்றரின் மூடியைத் திறந்து பார்த்தேன். பச்சை வெளிறியிருந்தது. எஞ்சினுக்குள் கசிவு என்றால் எஞ்சினின் மேல்மூடியான தலையைக் கழற்ற வேண்டும். அதற்கு நேரமில்லை.

வியாழன் காலையில் பல் துலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அப்பா குளித்து, திருநீறு பூசி, கிணற்றடியிலிருந்து செம்பு நிறையத் தண்ணீரோடு காருக்குப் போனார். பொனற்றைத் திறந்தார். விளிம்பு தட்டும்வரை ஊற்றினார்.

"அப்பா."

"நிலத்திலை ஒழுகியிருந்தது, பிள்ளை. குறைஞ்சிருக்கும் எண்டு விட்டனான்."

"எவ்வளவு காலமா விடுறியள்?"

"கார் வாங்கின நாளிலையிருந்து. ஒருநாளும் வெறுமையா விட்டதில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. பச்சை வெளிறியது இந்தச் செம்புத் தண்ணீரால்தான். கசிவு இல்லை, எஞ்சினில் ஒன்றுமில்லை. அந்த நிம்மதியில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இந்தக் காரில் மிச்சத் தண்ணீரைப் பிடித்துவைக்கத் தொட்டி கிடையாது. விளிம்புவரை நிரப்பினால், சூடேறிப் பெருகுகிற அளவு குழாயால் வெளியே போய்விடும். அந்த ஈரத்தைக் கண்டு அப்பா மறுபடி நிரப்புவார். கார் மறுபடி துப்பும். அப்படித்தான் நாள்தோறும் ஒரு செம்பாகச் சுண்ணாம்பு உள்ளே போயிருக்கிறது.

விளக்கினேன். அப்பா செம்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப நான்தான் கொதிக்க வைச்சனானோ?"

"கிணறு பாதி, நீங்கள் பாதி."

"அம்மாவுக்குச் சொல்லாதை."

அம்மா ஜன்னலடியில்தான் நின்றார்.

மிச்சமிருந்த கலவை ஒருமுறை நிரப்பப் போதும். காருக்குள் இருந்ததையெல்லாம் வெளியே வடித்து, கழுத்திலிருந்து இரண்டு விரல் கீழே நிற்கும்படி ஊற்றி, மூடியை இறுக்கி, இனி யாரும் திறக்க வேண்டாம் என்றேன்.

வெள்ளி அதிகாலை அம்மா பட்டுச் சேலையோடு வந்தார். ஓட்டோவின் பேச்சை எடுக்கவில்லை. முன் கதவைத் திறந்து ஏறினார். நான் பின்னால் நடுவில் இருந்தேன். சூட்டைக் காட்டும் முள் அந்தக் காரில் இல்லை. காதும் மூக்கும்தான். பள்ளங்களில் கார் அமிழ்ந்து எழுந்தது, இடிக்கவில்லை. நல்ல நேரத்துக்கு முன்பே சாவகச்சேரியில் இறங்கினோம்.

உண்மையான சோதனை உச்சி வெயிலில் திரும்பும்போதுதான். நாவற்குழிப் பாலம் வந்ததும் அப்பா ஓரங்கட்டினார்.

"ஏன் நிப்பாட்டினனீங்கள்?" என்றார் அம்மா.

"ஒருக்கா மூடியைத் திறந்து..."

"பிள்ளை திறக்க வேண்டாமெண்டவள். கொதிக்கேல்லைத்தானே? எடுங்கோ, வெயில்."

அப்பா எடுத்தார். பாலத்தின் கீழ் விரிந்த கடனீரேரியின் காற்று ஜன்னலால் வந்தது. நான் அதுவரை முன்னிருக்கையை இறுக்கிப் பிடித்திருந்ததை அப்போதுதான் கவனித்து, கையை எடுத்தேன்.

மறுகிழமை கொழும்புக்காரர் மூன்றாம் தடவை அழைத்தார். அப்பா எழுந்து நின்று பேசினார்.

"இல்லைத் தம்பி. எனக்குப் பிரச்சினை இல்லை. வீட்டிலை விடமாட்டினமாம்."

எதிரே தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மா மறுக்கவில்லை.