மீட்டர் பெட்டியின் உயரம்

மும்பை மாட்டுங்காவில் வாடகைக்கு இருந்துகொண்டு, சொந்த வீடு வாங்குவதற்காகச் செம்பூர், நெருள், டோம்பிவிலி மூன்றையும் ஒரு நோட்டில் ஒப்பிட்டு வந்தேன். ரயில், கோயில், காய்கறிக் கடை என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. டோம்பிவிலியில் ஒரு தரைத்தள வீடு முதலிடம் பெற்றது. மனைவிக்கு மூட்டுவலி, எனக்கோ மாடி ஏற்ற முடியாத அளவுக்குப் புத்தகங்கள்.

மே மாதத்தில் முன்பணம் கொடுக்கக் கிளம்பியபோது, தாராவியில் தோல்பைக் கடை வைத்திருக்கும் நண்பர் செல்வராஜும் உடன் வந்தார். அந்த வீட்டு வாசலிலேயே நின்று மின்சார மீட்டர் பெட்டியை அண்ணாந்து பார்த்தார்.

"இத ஏன் அண்ணாச்சி இம்புட்டு ஒசரத்துல வச்சிருக்கான்?"

"குழந்தைகள் கை வச்சுடக் கூடாதுன்னுதான்."

"படிச்சவங்க அப்படித்தான் சொல்லுவிய. எங்க சந்துல வீட்டுக்குள்ள தண்ணி புகுந்த பெறவுதான் நாங்க பொட்டிய மேல ஏத்துனோம்."

வாட்ச்மேனை விசாரித்தோம். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் எதுவரை ஏறும் என்று தன் இடுப்பில் கைவைத்துக் காட்டினார். முப்பது வருட மும்பைவாசியான என் நோட்டில் மழைக்கு மதிப்பெண்ணே இல்லை.

முன்பணம் என்னுடனேயே திரும்பியது. இப்போதெல்லாம் ஜூலையில் குடையுடன்தான் வீடு பார்க்கப் போகிறேன். உள்ளே நுழையுமுன் மீட்டர் பெட்டியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நிற்கிறேன். போன வாரம் ஓர் அம்மாள், "பில்லு கட்டியாச்சு சார்" என்று பழைய மின்கட்டண ரசீதை எடுத்துவந்து நீட்டினார்.