அளக்காத மூன்று நாள்

அந்த மூன்று நாளும் மாக் மண்டினில் உள்ள எங்கள் பட்டறையில் சூப்பர்வைசர் அண்ணன் இருந்தார், வார்ப்பு வேலைக்கு வங்காளதேசத்துக்காரர்கள் ஆறு பேர் இருந்தார்கள். நான் இல்லை. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க லீவில் போயிருந்தேன். என் கையெழுத்து மட்டும் அங்கே இருந்தது.

அடுக்குமாடிகளுக்கான காங்கிரீட் சுவர்களைப் பட்டறையிலேயே வார்த்து லோரியில் அனுப்புவது எங்கள் தொழில். கிரேன் தூக்குவதற்காக ஒவ்வொரு சுவரின் தலையிலும் இரண்டு இரும்புக் கொக்கிகளைப் புதைப்போம். வார்ப்பதற்கு முன் அவற்றின் நீளத்தை அளந்து படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். எங்கள் குடும்பத்தில் படித்து வேலைக்கு வந்த முதல் ஆள். லீவில் வேலை நிற்கக் கூடாது என்று அண்ணன் கேட்டதும் வெற்றுப் படிவங்களில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என்னிடம் கேட்கிறாரே என்று கொஞ்சம் பெருமைகூட.

இரண்டு வாரம் கழித்து, பத்து காவான் சைட்டில் ஒரு சுவரை ஓர் அடி உயர்த்தியதுமே கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. பட்டறையிலிருந்து நானும் அண்ணனும் ஓடிப் போய்ப் பார்த்தோம். கொக்கி ஒரு விரல் நீளம் குட்டை. நான் இல்லாத நாளில் கையிருப்பு தீர்ந்து, புதுக் கடையில் ஒரு சாக்குக் கொக்கி வாங்கியிருக்கிறார்கள். வெளியே தெரியும் தலை அதே மாதிரி. காங்கிரீட்டுக்குள் போய்விட்டால் யாருக்கும் தெரியாது.

சைட்டில் பழி கிரேன் ஓட்டுநர் மேல் விழுந்தது.

"வெடுக்குன்னு இழுத்துட்டேனாம்! இத்தனை வருஷம் நான் கிரேன் ஓட்டினேனா, மாட்டு வண்டி ஓட்டினேனா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

சூப்பர்வைசர் அண்ணன் என்னை ஓரமாக இழுத்தார். "பேப்பர் கிளீனா இருக்கு தம்பி. நீ பேசாம இரு லா."

"அந்த மூணு நாள் சுவரு வேற எங்கண்ணே போச்சு?"

"பாதி, பாலம் தாண்டித் தீவு சைட்டுக்குப் போச்சு. மத்தியானம் கிரேன்ல ஏத்துறாங்க. ஒண்ணும் ஆகாது."

படிவங்களைப் பார்த்தால் எல்லாச் சுவரும் ஒன்றுதான். எது அளக்காதது என்று எனக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். லோரிக்காரர், கிரேன்காரர், சுவரைப் பிடித்து நிறுத்துகிறவர்கள் எல்லாருமே தங்களுக்கு முன்னால் ஒருவர் சரிபார்த்திருப்பார் என்று நம்பித்தான் கை வைக்கிறார்கள். அந்த ஒருவர் நான். ஒரு மணி நேரம் அங்கேயே நின்றேன். பிறகு தீவு சைட்டுக்குப் போன் போட்டேன்.

"சுவர் மேல வார்த்த தேதி பெயிண்ட்ல இருக்கும். நான் சொல்ற மூணு தேதியத் தொடாதீங்க. அதை நான் அளக்கல."

"அளக்காமலா சைன் போட்டீங்க?"

"ஆமாண்ணே."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த கிரேன் ஓட்டுநர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இதைச் சொல்ல ஒரு மணி நேரமா தம்பி? அதுக்குள்ள நான் அரை பாக்கெட் சிகரெட்ட முடிச்சிட்டேன்."

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அண்ணன் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மூன்று நாளில் வார்த்த இருபத்திரண்டு சுவர்களை உடைத்து, மறுபடி வார்த்து, அதுவரை இரண்டு கிரேன்கள் சும்மா நின்றதற்கும் வாடகை கட்டியதில் கம்பெனிக்கு ஆன செலவு தொண்ணூற்றோராயிரத்து அறுநூறு வெள்ளி.