குழிக்குள் கேட்கும் சண்டை

ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிய பிறகும் டெஸ்டரை வைத்துப் பார்க்கிறார். எரியவில்லை. டெஸ்டரே கெட்டுப்போயிருந்தால்? பக்கத்துச் சுவர் பிளக்கில் சொருகிப் பார்க்கிறார், எரிகிறது. திரும்ப வந்து மறுபடி வைக்கிறார். அப்புறம் ஐந்து மாடியும் படியேறி, தளத்துக்குத் தளம் லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டு, மூச்சு வாங்க இறங்கி வருகிறார்.

எங்கள் குடியிருப்பில் இந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு ‘சந்தேகம்’ என்று பெயர். தேநீர் கொடுத்தால் முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பார். கைக்கடிகாரத்தை நம்பாமல் செல்பேசியைப் பார்ப்பார், அதையும் நம்பாமல் என்னிடம் மணி கேட்பார். நான் சொன்னதையும் நம்பியதாகத் தெரியவில்லை.

அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. லிஃப்டுக்கு அடியில் ஆளுயரக் குழி உண்டு. மாதம் ஒருமுறை அதில் இறங்கி, சுத்தம் செய்து, போல்ட்டுகளை முடுக்க வேண்டும். தலைக்கு மேலே பெட்டி நிற்கும். எந்தப் புண்ணியவானாவது ஃபியூஸைச் சொருகி, பெட்டி இறங்கினால் கதை முடிந்தது. அதனால் ஒருவர் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு குழியருகே நிற்க வேண்டும். நின்றால் மட்டும் போதாது; வேலை முடியும்வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் ஆள் நகர்ந்துவிட்டதாகப் பொருள். இது அவரே போட்ட சட்டம்.

பதினோரு வருடமாக அப்படி நின்றவர் அவருடைய தங்கை புருஷன். ஒரே கம்பெனி, ஆனால் நேரெதிர் கட்சி. பேச்சுக்கா பஞ்சம்? இவர் தலைவரை அவர் மேலிருந்து கிழிப்பார். அவர் தலைவரை இவர் குழிக்குள்ளிருந்து கிழிப்பார். கீழ்வீட்டில் குடியிருக்கும் நான், இது கைகலப்பில்தான் முடியும் என்று முதலில் பயந்தேன். வேலை முடிந்ததும் இருவரும் ஒரே பைக்கில் ஏறிப் போனார்கள்.

இந்தத் தேர்தலில்தான் வினை வந்தது. தங்கையின் ஓட்டை மாப்பிள்ளை தன் கட்சிக்கு மாற்றிவிட்டார் என்று இவருக்குத் தோன்றிவிட்டது. அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்த இடத்தில், “யாருக்குப் போட்ட, உண்மையச் சொல்லு” என்று தங்கையைக் கேட்டிருக்கிறார். அவள் இவர் முன்னாலிருந்த தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“என் வீட்லயும் டெஸ்டர் வச்சுப் பாக்குறீங்களா மச்சான்?” என்று கேட்டதோடு சரி, மாப்பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டார். தங்கை யாருக்குப் போட்டாள் என்பது இன்றுவரை இருவருக்குமே தெரியாது. இவர் ரோஷமாகப் போய்க் கம்பெனியில் வேறு ஆள் கேட்டு வாங்கினார்.

புது ஆள் இவர் கட்சிக்காரர், மீசை நரைத்தவர். போன மாதம் வந்தார். குழிக்குள்ளிருந்து இவர் என்ன சொன்னாலும் “கரெக்ட்டுண்ணே” என்றார். ஐந்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துபோனது. இவர் அலறியடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தபோது, அந்த மனிதர் தெருவாசலில் செல்பேசியோடு நின்றிருந்தார்; ஃபியூஸ் கட்டை போர்டின் மேல் கேட்பாரற்றுக் கிடந்தது. யாரும் சொருகவில்லைதான். ஆனாலும் அன்று இவர் மறுபடி குழிக்குள் இறங்கவில்லை.

நேற்று மாப்பிள்ளை வந்திருந்தார். தானாகவே வந்தார் என்று இவர் சொன்னார். மச்சான் வந்து கூப்பிட்டதாக மாப்பிள்ளை சொன்னார். நான் இரண்டையும் முழுதாக நம்பவில்லை. மாப்பிள்ளை உள்ளங்கையை நீட்டிக் கட்டையை வாங்கிக்கொண்டார்; அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. இவர் குழிக்குள் இறங்கினார். மேலே சத்தம் இல்லை. கீழேயும் ஸ்பேனர் சத்தம் இல்லை.

“மாப்ள.”

குழி விளிம்பில் இவர் தலை எட்டிப் பார்த்தது. மாப்பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றார், கட்டையை இறுக்கிப் பிடித்தபடி. கண்ணால் பார்த்த பிறகும் தலை இறங்கவில்லை.

“உங்க ஆளு ஜெயிச்சதே கள்ள ஓட்டுலதான, மாப்ள?”

மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. “யாரு, நாங்களா? போன தடவ நீங்க பண்ணுன கூத்த நான் சொல்லவா?” என்று ஆரம்பித்தார்.

தலை உள்ளே இறங்கியது. ஸ்பேனர் சத்தம் கேட்கத் தொடங்கியது.