விசிறி கழற்றுபவர்

ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கணினி விசிறியின் நடுவில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்கிறார். "பாவம், இழுத்துக்கிட்டு கிடக்கு." கடைத்தெருவில் இவருக்கு உஷ் என்று பெயர். கணினியில் படம் வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டின் விசிறிகளைக் கழற்றிவிட்டு, மெல்லிய தகடுகள் அடுக்கிய பெரிய உலோகக் கட்டியைப் பொருத்துவது இவர் தொழில். சூட்டைத் தகடுகள் வாங்கிக் காற்றில் விட்டுவிடும். சத்தம் துளியும் இராது.

பொருத்தியதும் பரீட்சை. கணினிப் பெட்டியை ஓடவிட்டுப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுப்பார். தூக்கம் வந்தால் தேர்ச்சி. "ஊரெல்லாம் உழைச்சு சம்பாதிக்குது, இவரு தூங்கி சம்பாதிக்கிறாரு. நான் கூப்பிட்டா மட்டும் காது கேக்காது" என்பார் மனைவி. உஷ் சிரித்து மழுப்புவார். அதில் மன்னன்.

கட்டட வரைபடம் போடும் பெண் வந்தபோது மட்டும் சிரிப்பு வரவில்லை. "பக்கத்து ரூம்ல அப்பா படுத்த படுக்கையா இருக்காருண்ணே. பக்கவாதம் வந்ததுலேருந்து குரலே எழும்பல. இந்த ஃபேன் இரைச்சல்ல அவர் கூப்பிடறது கேக்க மாட்டேங்குது. நேத்து தண்ணிக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதுட்டாரு."

வீட்டுக்கே போய்ப் பொருத்தினார். அரைமணியில் பெட்டி கொதித்து அணைந்தது. அவள் முகம் விழுந்துபோயிற்று. உஷ் தலையில் அடித்துக்கொண்டார். தகடுகளைக் கிடைமட்டமாக வைத்திருந்தார். பெட்டியைத் திருப்பி, தகடுகளைச் செங்குத்தாக நிறுத்தினார். "சூடு மேலதாம்மா போகும். நாம வழிய மறிக்காம இருந்தா போதும்." கார்டின் வேகத்தையும் சற்றுக் குறைத்தார். "படம் வர ரெண்டு நிமிஷம் கூட ஆகும். ஆகட்டும், என்ன இப்போ?"

ஒரு மணி நேரம் இருவரும் காத்திருந்தார்கள். பெட்டி அணையவில்லை. திரையில் இன்னும் யாரும் குடிவராத வீடு ஒன்று மெல்லச் சுழன்றது; அதன் சன்னல்களில் பொய் வெயில் நகர்ந்தது. சுவர்க்கடிகாரம் ஓடுவது கேட்டது. திரைச்சீலை சுவரில் உரசுவது கேட்டது. உஷ்ஷுக்குக் கண் சொக்கியது. எங்கோ மிதந்துகொண்டிருந்தபோது அடுத்த அறையிலிருந்து நூலிழையாய் ஒரு குரல் வந்தது.

"அம்மாடி..."

"கேக்குதுப்பா! வந்துட்டேன்!" அவள் அழுதுகொண்டே ஓடினாள்.

பிறகு உள்ளே அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளும் முணுமுணுப்பு. பையின் ஜிப்பை இழுக்கப் போன உஷ், விரலை எடுத்துக்கொண்டார். திறந்த பையை அப்படியே மார்போடு அணைத்து, வாசலில் கிடந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு படியிறங்கினார்.