சம்பந்தியம்மா குடித்த நன்னாரித் தண்ணீர்

எனக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும், கை வேலை செய்யத் தொடங்கும். அந்தச் சித்திரையில் வந்த கோபத்துக்கு ஒரு மண்வெட்டியும் இரண்டு புதுப் பானையும் ஒரு போத்தல் காட்டுத்தேனும் தேவைப்பட்டன.

என் தங்கச்சிக்கும் மட்டக்களப்பு டவுனில் சங்கக்கடையில் வேலை செய்த ஒரு பொடியனுக்கும் பிடித்துப்போயிருந்தது. எங்கள் வீடு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வவுணதீவிலிருந்து இன்னும் உள்ளே. சண்டைக் காலம். பாலத்தடியில் ஆமிக்காரரின் காவல் சென்றியில் வரிசையில் நின்று, பையைக் கொட்டிக் காட்டித்தான் இந்தக் கரைக்கு வரலாம். அவன் முதலில் நெல் விசாரிக்கச் சைக்கிளில் வந்தான். பிறகு நெல் முடிந்த பிறகும் வந்தான். அவனை வளர்த்தவர் பெரியம்மா. அவர் ஓமென்றால்தான் கல்யாணம். அவரோ சந்தையில் நாலு பேர் கேட்க, "அந்த வீட்டில குடிக்க என்ன இரிக்கும்? கசிப்புத்தான் இரிக்கும்" என்று சொல்லியிருந்தார். கசிப்பென்றால் பற்றைக்குள் ஒளித்துக் காய்ச்சுகிற சாராயம்.

முழுப்பொய் என்றால் இவ்வளவு எரிந்திராது. அம்மா போன பிறகு அப்பா மூன்று வருடம் குடித்தார். ஊர் பார்க்கக் குடித்தார். நாலாம் வருடம் கண்ணகி அம்மன் குளிர்த்தித் திருவிழாவன்று தலை முழுகிவிட்டு வந்தவர், அதோடு விட்டார். குடித்ததை ஊரே கண்டது, விட்டதை ஒரு சனம் காணவில்லை. சந்தைப் பேச்சு காதில் விழுந்த அன்று தங்கச்சி சோற்றில் கை வைக்கவில்லை. அப்பா, "என்னாலதான் மகள்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போனார்.

கோயில் வண்ணக்கர்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவே பேசினவர். கோயில் நிர்வாகம் பார்க்கிற பெரிய மனிசன். அவர் வந்து, "வாற வெள்ளிக்கிழமை பேச்சுக்காலுக்கு வாறாவாம். ஆனா புள்ள, முகம் சரியில்ல" என்றார்.

பேச்சுக்கால் என்றால் கல்யாணப் பேச்சு. எங்கள் பக்கத்தில் அது முடியும்வரைக்கும் மாப்பிள்ளை பகுதி பெண் வீட்டில் கை நனைக்காது. பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்காது. வாய் வைத்தால் சம்மதம். சம்மதமானதும் டவுன் ஆட்களுக்குச் சோடா உடைக்க வேண்டும், அதுதான் மரியாதை. சென்றியிலோ சீனியை அளந்துதான் விடுவார்கள், கண்ணாடிப் போத்தலை விடவே மாட்டார்கள். கரண்டும் இல்லை, ஐசும் இல்லை. சரி, பார்ப்போம் என்று மண்வெட்டியை எடுத்தேன்.

வயல்வட்டை ஓரத்து மேட்டில் நன்னாரி கிடந்தது. கிண்டி, கழுவி, இடித்து, கொதிதண்ணீரில் ஊறவைத்தேன். கரடியனாற்றுப் பக்கத்திலிருந்து தேன் கொண்டுவருகிற மனிசனுக்கு இரண்டு மரைக்கால் நெல் கொடுத்து ஒரு போத்தல் வாங்கினேன். முந்திச் செய்தால் நன்றாகச் சாரம் இறங்கும் என்று நினைத்து, புதன்கிழமையே தேனையும் கலந்து பானை வாயைத் துணியால் கட்டிவிட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

வெள்ளி காலை துணியை அவிழ்த்தால் மேலே நுரை. நுரை அழகாக, சோடா மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வாசலில் நின்ற அப்பா கிட்ட வந்து குனிந்தார். குனிந்தவர் சட்டென்று பின்னால் போனார். முகம் வெளுத்துவிட்டது.

"ஊத்து மகள். இது புளிச்சிட்டுது."

"நல்லாத்தானே மணக்குது அப்பா?"

"இந்த மணம் உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஊத்து."

அதை ஒரு பேணியில் ஊற்றிப் பெரியம்மாவின் கையில் கொடுத்திருந்தால்! கசிப்பு வீடு என்று சொன்ன வாய்க்கு நானே சாட்சி வைத்திருப்பேன். வேலியோரம் கொண்டுபோய்ப் பானையைக் கவிழ்த்துவிட்டு அழுதேன். போத்தலில் நாலு விரல் தேன்தான் மிச்சம். அப்பா மண்வெட்டியோடு போய் மடி நிறைய வேர் கொண்டுவந்தார். நான் இடித்தேன். அவர் மற்றப் பானையைக் கிணற்றடி ஈரமணலில் கழுத்துவரை புதைத்து, நனைந்த சாக்கைச் சுற்றிக் கட்டினார். "தேனும் தேசிக்காயும் குடுக்கிற நேரத்திலதான் கலக்கோணும். அதுக்கு முந்தித் தொட்டிடாத" என்று சொல்லிவிட்டுக் குசினி அடுப்படிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அவர்கள் முன்னால் வரமாட்டேன் என்று முதல்நாளே சொல்லியிருந்தார்.

பெரியம்மா உச்சி வெயிலில் வந்து இறங்கினார். பட்டுச் சேலை, கையில் வெறும் பை. எங்கள் வீட்டில் வாய் நனைக்கக் கூடாதென்று இரண்டு போத்தல் சோடாவைத் தன்னோடு கொண்டு வந்தாராம், அதைச் சென்றியில் வாங்கி வைத்துவிட்டார்களாம். மூன்று மணித்தியாலம் வரிசையில் நின்றிருக்கிறார். உதடு வெடித்திருந்தது. பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

வெற்றிலை வட்டாவை வைத்தேன். கையால் தள்ளினார். தண்ணீர் நீட்டினேன். "பேச்சு முடியட்டும்." ஆனால் பேச்சு முடிகிற மாதிரி இல்லை. வீட்டு வளவு சின்னன், ஊருக்குள் பாதை இல்லை, என்ன நேரம் என்ன வெடிக்கும் தெரியாது என்று அடுக்கிக்கொண்டே போனார். பொடியன் நிலத்தைப் பார்த்தபடி இருந்தான். கதவுக்குப் பின்னால் தங்கச்சி மூச்சுக்கூட விடவில்லை.

நான் எழும்பிப்போய்க் கிணற்றடியிலிருந்து பானையைத் தூக்கி வந்து வைத்து, தேனை ஊற்றி, தேசிக்காய், அதுதான் எலுமிச்சம்பழம், பிழிந்து, ஒரு மூக்குப்பேணி நிறைய வண்ணக்கருக்குக் கொடுத்தேன். அவர் எங்கள் ஊர் ஆள், அவருக்கு விரதம் ஒன்றுமில்லையே. மனிசன் அண்ணாந்து பேணியின் மூக்கு வழியாக வாய்க்குள் விட்டார், தொண்டை கடகடவென்றது. "ஆகா! நெஞ்சுக்குள்ள குளிருது!" வாசமும் வீடு முழுக்கப் பரவிவிட்டது. இன்னொரு பேணியைப் பொடியனுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் தொடவில்லை.

பெரியம்மா எச்சில் விழுங்கப் பார்த்தார். விழுங்க எச்சில் வேண்டாமா? "குடிகாரன்ட வளவில என்ட புள்ளய..." என்று தொடங்கியவருக்கு இருமல் பிடித்தது. சும்மா இருமல் இல்லை, கண் பிதுங்குகிற இருமல். பொடியன் பயந்துபோய்ப் பேணியைத் தூக்கி அவர் கையில் திணித்தான். ஒரு மடக்குப் போனது. இருமல் நின்றது. பெரியம்மா பேணியைப் பார்த்தார். மறுபடி வாயில் வைத்தார், அடி காணும்வரை வைத்தார்.

வண்ணக்கர் விடுவாரா? பெரியம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "தங்கச்சி, கை நனைச்சாச்சு!"

"இருமலுக்குக் குடிச்சது கணக்கில இல்ல!"

எனக்கு இன்றைக்கும் பெருமை, அந்த இடத்தில் நான் சண்டைக்குப் போகவில்லை. "ஓம் மாமி. அது மருந்துக்குக் குடிச்சது. அத வெச்சு எங்கட புள்ளயத் தர எங்களுக்கும் விருப்பமில்ல" என்று சொல்லிவிட்டுப் பானையைத் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பினேன். ஒரு அடி. இரண்டு அடி.

"எங்க கொண்டு போறாய்? வை கா இஞ்ச."

வைத்தேன். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னொண்டு தா" என்றார். யாரும் கையில் திணிக்கவில்லை, இருமலும் இல்லை. சபைக்கு நடுவே, தானாகக் கேட்டார். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"சீனி இல்லாம இந்தப் பதம் எப்பிடி வந்த? ஆர் செய்தது?"

"அப்பாதான் பதம் பார்த்தவர்" என்றேன். கூப்பிட்டும் வராதவரைப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். மண் காயாத கையோடு நின்றார். பெரியம்மா அவரை மேலிருந்து கீழே பார்த்தார். பேணியை மூக்கருகே கொண்டுபோய் மணந்தும் பார்த்தார். பார்க்கட்டும்! நன்னாரியும் தேனும் தேசிக்காயும் தவிர அதில் ஒன்றுமில்லை. பிறகு வெறும் பேணியை அப்பாவிடம் நீட்டி, "நீங்க ஊத்துங்க" என்றார். அப்பா ஊற்றினார், ஒரு துளி சிந்தவில்லை.

கல்யாணம் ஆனியில். சோடா அப்போதும் பாலத்தைத் தாண்டவில்லை, யாரும் அதைத் தேடவுமில்லை. பந்தல் வாசலில் ஆறு பானை நன்னாரித் தண்ணீர். அகப்பையோடு நின்றது பெரியம்மா. டவுனிலிருந்து வந்த ஒருவர் பானைக்குள் எட்டிப் பார்த்து, இந்த வீட்டில் குடிக்கலாமா என்று பகிடியாகக் கேட்டுவிட்டார். பெரியம்மா அகப்பையை ஓங்கினார்.

"வாயக் கழுவிட்டு வந்து குடி. இது என்ட சம்பந்தி கையால செய்தது."

அப்பா பக்கத்தில்தான் நின்று தேசிக்காய் பிழிந்துகொண்டிருந்தார். அவருக்குக் கேட்டது.